தெரிந்த பெயர், தெரியாத முகம்

ஜூலை 12, 2025, சனி

புது சூப்பர்மேன் படம் பார்த்தாயிற்று. அக்கா, மாமா, அக்கா மகன், நான் என்று நாலு பேரும் ஒரே வரிசை. எங்களில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவள் நான் ஒருத்திதான். மற்ற மூவரும் படம் வந்தால் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் ரெண்டு நாள் பேசுவார்கள், அப்புறம் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். தியேட்டரை நிரப்புகிறவர்கள் அவர்கள்தான். இணையத்தில் மணிக்கணக்காக விவாதிக்கிற எங்களைப் போன்றவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு மூலை.

படத்தில் கிரீன் லான்டர்ன் என்கிற பச்சை மோதிர வீரராக கை கார்ட்னர் (Guy Gardner) வருகிறார். கிண்ணம் கவிழ்த்து வெட்டியது போல் முடி, விரலில் பச்சை மோதிரம், அடங்காத வாய். நேத்தன் ஃபிலியன் நடித்திருக்கிறார். அவர் வந்து நின்றதுமே பையன் என் காதருகே குனிந்தான். "சித்தி, ஜான் ஸ்டூவர்ட்தானே கிரீன் லான்டர்ன்? இந்த ஆள் யாரு?" நான் வாயைத் திறப்பதற்குள் இந்தப் பக்கத்திலிருந்து அக்கா, "ரயன் ரெனால்ட்ஸ்தானே நடிச்சாரு?" என்றாள்.

அவன் சின்ன வயதில் பார்த்தது 2001இல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூன். அதில் மோதிரம் போட்டிருந்தவர் ஜான் ஸ்டூவர்ட், கறுப்பினத்தவர். அக்கா பார்த்தது 2011இல் வந்த படம். அதில் ஹால் ஜோர்டான். இரண்டு பேரும் கை கார்ட்னரைத் தேடவில்லை. ஆளுக்கொரு வேறு ஆளைத் தேடினார்கள். எனக்கு இது முக்கியமாகப் பட்டது. அவரவர் முதலில் பார்த்தவர்தான் அவரவருக்கு அசல். காமிக்ஸில் யார் முதலில் வந்தார் என்பது அந்த இடத்தில் செல்லுபடியாகாது.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் அக்காவுக்கு விளக்கினேன். கிரீன் லான்டர்னாக 1940இல் ஆலன் ஸ்காட், 1959இல் ஹால் ஜோர்டான், 1968இல் கை கார்ட்னர், 1971 முடிவில் ஜான் ஸ்டூவர்ட் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனபோது அவள் முகத்தில் ஆர்வமே இல்லை. கடைசியில், "அது ஒரு ஆளோட பேரு இல்லக்கா, உத்தியோகம். பிரபஞ்சம் முழுக்க இருக்கிற போலீஸ் படை. ஒவ்வொரு பகுதிக்கும் ஆள் போடுவாங்க, பூமிக்கு நிறைய பேர் வந்திருக்காங்க" என்றேன். "ஓ, சரி சரி" என்றாள். அவ்வளவுதான், குழப்பம் தீர்ந்தது.

ஒரே ஒரு வசனம் போதும். படத்தில் அது இல்லை. ஆனாலும் அவளுக்கு கை கார்ட்னரைப் பிடித்துவிட்டது என்பதையும் எழுத வேண்டும். பீரங்கி வண்டிகளை மோதிரத்தின் ஒளியால் செய்த பிரம்மாண்டமான நடுவிரல்களால் தூக்கி வீசுகிற இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. எப்படிப்பட்ட ஆள் என்பது வந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பூர்வீகம் தெரியாவிட்டாலும் குணம் தெரிந்தால் ஜனங்கள் கூடவே வருவார்கள்.

இதே படம் சூப்பர்மேனை அறிமுகப்படுத்தும் விதம் இன்னும் சாமர்த்தியம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் என்று தொடங்கி, முப்பது வருஷம், மூன்று வருஷம், மூன்று வாரம், மூன்று மணி நேரம் என்று குறைந்துகொண்டே வந்து, மூன்று நிமிஷத்துக்கு முன் அவர் முதன்முதலாகத் தோற்றார் என்று எழுத்தில் காட்டிவிட்டு, பனியில் வந்து விழ வைக்கிறார்கள். அந்த வரிகளைப் படித்து முடிப்பதற்குள், இது நமக்குத் தெரிந்த கதையின் தொடர்ச்சி அல்ல, வேறு உலகம், இங்கே ஏற்கெனவே நிறைய நடந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

மாமா இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவருடைய வருத்தம் வேறு வகை.

அவர் இளவயதில் பார்த்தது 1978இல் வந்த படம். அதில் சூப்பர்மேனின் அப்பா ஜார்-எல்லாக மார்லன் பிராண்டோ. வெள்ளை முடியோடு, அழிகிற கிரிப்டான் கிரகத்திலிருந்து குழந்தையை அனுப்புகிற கம்பீரமான மனிதர். புதுப் படத்தில் அந்த அப்பா அம்மா விட்டுப்போன செய்தியின் மறுபாதி வெளியே வருகிறது: பூமியில் உள்ளவர்கள் பலவீனமானவர்கள், அவர்களை நீ ஆள வேண்டும் என்கிறார்கள். மாமாவுக்கு அது தாங்கவில்லை. "முகத்தை மாத்தினா மாத்திட்டுப் போறாங்க. அந்த மனுஷனை ஏன் கெட்டவராக்கணும்?" என்று இன்றைக்கும் கேட்டார்.

நான் வாதாடவில்லை, ஏனென்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முகம் மாறுவதை ஜனங்கள் ரொம்ப சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள். 1989 படத்துக்கு மைக்கேல் கீட்டனை பேட்மேனாகப் போட்டபோது ரசிகர்களிடமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. படம் வந்தபின் அந்தப் பேச்சே அடங்கிப்போனது. பேட்மேனின் எதிரி ஜோக்கராக ஹீத் லெட்ஜரா என்று கேட்டவர்கள் 2008இல் வாயடைத்துப் போனார்கள். ஆனால் ஒரு பாத்திரம் எதற்காக நிற்கிறதோ அதில் கை வைத்தால் வலி வேறு. 2013இல் சூப்பர்மேன் வில்லன் ஜெனரல் ஸாடின் கழுத்தை முறித்தபோதும் இப்படித்தான். காமிக்ஸே தொடாதவர்கள்கூட "அவர் கொல்ல மாட்டாரே" என்றார்கள்.

படத்தின் கடைசியில் காயம்பட்ட சூப்பர்மேன் கிரிப்டான் பெற்றோரின் செய்திக்குப் பதிலாகத் தன்னை வளர்த்த கென்ட் தம்பதி எடுத்த பழைய வீடியோக்களைப் பார்த்துத் தேறுகிறார். ஜார்-எல்லை மாற்றியதன் காரணம் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. மாமாவும் அதை ஒப்புக்கொள்கிறார், அங்கே கண் கலங்கியதாகவும் சொன்னார். அதற்காக ஜார்-எல்லை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. இரண்டும் ஒரே மனசில் இருக்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

சின்னதாக ஒன்று. காமிக்ஸில் அல்ட்ரான் என்கிற ரோபோ வில்லனைச் செய்தவர் ஹாங்க் பிம் என்கிற விஞ்ஞானி. 2015 படத்தில் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க். எவ்வளவு பெரிய மாற்றம்! வீட்டில் யாருக்கும் ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை, ஏனென்றால் முந்தைய அல்ட்ரானை யாருக்கும் தெரியாது. உளவுப் படைத் தலைவர் நிக் ஃப்யூரியும் அப்படித்தான். 1963இல் வெள்ளையராக வந்தவர், 2002 வாக்கில் அல்டிமேட்ஸ் காமிக்ஸில் சாமுவேல் ஜாக்சன் சாயலில் வரையப்பட்டவர், 2008 முதல் படங்களில் சாமுவேல் ஜாக்சனேதான்.

ஜூலை 20, ஞாயிறு

கூட வேலை பார்க்கிற தோழியோடு ஸ்பைடர்மேன் பற்றிப் பேச்சு வந்தது. 2012இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் கையில் கருவி மாட்டிக்கொண்டு வலை விட்டது அவளுக்கு இன்னும் ஒட்டவில்லையாம். "கையிலிருந்து தானா வரணும். மெஷின் வெச்சு அடிச்சா அதுல என்ன சக்தி இருக்கு?"

வேடிக்கை என்னவென்றால், 1962இல் ஸ்பைடர்மேன் பிறந்தபோதே வலை விடும் கருவியைப் பீட்டர் பார்க்கர் தானே செய்துகொண்டான். பையனின் புத்திசாலித்தனத்தைக் காட்டுகிற பொருள் அது. மணிக்கட்டிலிருந்து தானாக வலை வருவதாக 2002 படத்தில்தான் மாற்றினார்கள், அப்போது கொதித்தவர்கள் காமிக்ஸ் வாசகர்கள். பத்து வருஷம் கழித்துப் பழையபடி கொண்டுவந்தபோது முகம் சுளித்தது என் தோழி மாதிரி பொதுப் பார்வையாளர்கள். மூலத்துக்குத் திரும்பியதே அவர்கள் கண்ணில் புது மாற்றம்.

வுல்வரினும் இப்படித்தான். காமிக்ஸில் அவர் ஐந்தடி மூன்று அங்குலம். ஆறடிக்கு மேல் இருக்கிற ஹ்யூ ஜாக்மன் 2000 முதல் அந்த வேஷத்தைப் போட்டதால், 2024 படத்தில் குள்ளமான வுல்வரினைக் காட்டியபோது தியேட்டரே சிரித்தது.

ஜூலை 26, சனி

ஃபென்டாஸ்டிக் ஃபோர் படம் பார்த்தோம். வெள்ளிப் பலகையில் வானில் பறக்கிற சில்வர் சர்ஃபர் இந்த முறை பெண், ஷல்லா-பால். ஜூலியா கார்னர் நடித்திருக்கிறார். 1966இல் வந்த சர்ஃபர் நாரின் ராட், ஆண். 2007 படத்திலும் அவரேதான். நடிகை பெயர் அறிவிக்கப்பட்டபோது இணையத்தில் எவ்வளவு வசை! ஆனால் ஷல்லா-பால் திடீரென்று முளைத்தவள் அல்ல. 1968 முதல் காமிக்ஸில் நாரினின் காதலியாக இருக்கிறாள். 1999இல் தொடங்கிய எர்த் எக்ஸ் தொடரில் வெள்ளி உடம்போடு அவளும் வானில் பறந்திருக்கிறாள்.

அக்கா 2007 படத்தைப் பார்த்தவள். ஷல்லா-பால் நகரத்துக்கு மேலே வந்து நின்றதும், "அது ஆம்பளை இல்ல?" என்று என்னைக் கிள்ளினாள். அதே அக்கா, தன் கிரகத்தையும் மகளையும் காப்பாற்ற அவள் கிரகங்களை விழுங்குகிற கலாக்டஸுக்குத் தன்னையே கொடுத்த கதை வந்ததும் கிள்ளியதை மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது பேசியதெல்லாம் அந்த மகளைப் பற்றித்தான்.

கலாக்டஸுக்கு வேறு கதை. 2007இல் அவரை வெறும் மேகமாகக் காட்டி காமிக்ஸ் வாசகர்களை நோகடித்தார்கள். இப்போது கொம்பு வைத்த கவசத்தோடு மலை மாதிரி நடந்து வருகிறார். எனக்குப் புல்லரித்தது. பையனுக்கு மேகமும் தெரியாது, கவசமும் தெரியாது. பயந்தான், அது போதும்.

ஆகஸ்ட் 2, சனி

இன்றைக்கு மறுபடியும் 2018இல் வந்த ஸ்பைடர்-வெர்ஸ் அனிமேஷன் படம். முன்பின் தெரியாத ஒருவரைப் பொது ஜனத்தின் கையில் பத்திரமாக ஒப்படைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

அதில் ஸ்பைடர்மேனாகிற பையன் மைல்ஸ் மொரேல்ஸ் 2011இல் பிறந்த பாத்திரம். படம் வந்தபோது தியேட்டருக்கு வந்தவர்களில் நிறைய பேருக்கு ஸ்பைடர்மேன் என்றால் பீட்டர் பார்க்கர் மட்டும்தான். படம் பீட்டரோடுதான் தொடங்குகிறது. தலைகீழாகத் தொங்கி முத்தம் கொடுப்பது, ரயிலை நிறுத்துவது என்று பழைய படங்களில் மனசில் பதிந்த காட்சிகளைச் சரசரவென்று ஓட்டுகிறார்கள். ஆமாம், உங்களுக்குத் தெரிந்த அதே ஆள்தான் என்று உறுதி கொடுக்கிறார்கள். அப்புறம் அவரைச் சாகடிக்கிறார்கள். ஊரே கூடி அழுகிறது, முகமூடி போட்டுக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவர்களும் தங்கள் பீட்டரை அங்கே வழியனுப்பிவிடலாம். அதற்கு நேரம் கொடுத்த பிறகுதான் மைல்ஸ் தோளில் பாரத்தை ஏற்றுகிறார்கள்.

அதன் பிறகு தொப்பை போட்ட பீட்டர், க்வென், கறுப்பு வெள்ளை நோயர், பன்றி என்று வேறு வேறு உலகங்களின் ஸ்பைடர்மேன்கள் ஆள் ஆளாக வரும்போது ஒவ்வொருவருக்கும் அதே பாணியில் ஒரு காமிக்ஸ் அட்டை, அதே மாதிரி விறுவிறு சுயபுராணம். இரண்டாவது தடவையே ஜனங்களுக்கு விதி பிடிபட்டுவிடுகிறது. ஆஸ்கர் கொடுத்தது இருக்கட்டும். காமிக்ஸ் வாசமே படாத அக்கா, பன்றி வந்தபோதுகூட "இது யாரு" என்று கேட்கவில்லை. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதற்கு நேர் எதிரானது கேப்டன் அமெரிக்கா. 2019 படத்தின் முடிவில் கிழவராகிவிட்ட பழைய கேப்டன் ஸ்டீவ் ராஜர்ஸ் தன் கேடயத்தைச் சாம் வில்சனிடம் கொடுக்கிறார். அதை வாங்கிக்கொள்ளச் சாம் பட்ட பாடு முழுவதும் 2021இல் ஆறு பகுதிகளாக வந்த தொடரில் இருக்கிறது. அருமையான கதை அது. ஒரு கறுப்பர் அந்தக் கேடயத்தைத் தூக்குவதன் கனத்தை நேராகப் பேசியது. தொடரைப் பார்க்காமல் இந்த வருஷம் பிப்ரவரியில் படத்துக்கு வந்தவர்கள், "பழைய ஆள் எங்கே, இவர் எப்போ கேப்டன் ஆனாரு?" என்று கேட்டார்கள். இதில் சிலரை நிறவெறி என்று ஒதுக்கிவிடலாம், அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் தோழி அந்தக் கேள்வியைக் கேட்டபோது அதில் வன்மம் இல்லை. அவள் வழி தெரியாமல் நின்றாள். விளக்கம் வேறொரு இடத்தில், வேறொரு சந்தாவுக்குள் இருந்தால், டிக்கெட் வாங்கி வந்தவளுக்கு அது இல்லாத மாதிரிதான்.

ஆகஸ்ட் 9, சனி

எங்கள் ஆட்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. யாராவது "இவர் யார்" என்று கேட்டால் உடனே "போய் காமிக்ஸைப் படி" என்பது. எந்தக் காமிக்ஸை? 1938இல் வந்த சூப்பர்மேன் பறக்க மாட்டார், ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவார். 1939இல் பேட்மேன் துப்பாக்கி வைத்திருந்தார். ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறம். எழுதியவர்களே தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டு வந்ததை நாம் மட்டும் ஒரே அசல் என்று காட்டி, கேட்டவரை அவமானப்படுத்துகிறோம். கேட்கிறவர் அந்தப் பாத்திரத்தின் மேல் உள்ள பிரியத்தில்தான் கேட்கிறார். அக்கறை இல்லாதவர் கேட்கவே மாட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

சூப்பர்மேன் பட முடிவில் தள்ளாடிக்கொண்டு வந்து கிரிப்டோ நாயைக் கூட்டிக்கொண்டு போகிற பெண்ணைப் பற்றி அக்கா இன்றைக்குக் கேட்டாள். அதுதான் சூப்பர்கேர்ள், மில்லி ஆல்காக் என்றதும் திகைத்துப்போனாள். 2015 முதல் 2021 வரை ஓடிய தொடரில் மெலிசா பெனாய்ஸ்டை விடாமல் பார்த்தவள் அவள். சிரித்த முகம், வெள்ளை மனசு. "அந்தப் பொண்ணு குடிக்குதா?"

அடுத்த வருஷம் ஜூனில் இவளுக்கென்று தனிப் படம் வருகிறது. டாம் கிங் எழுதிய காமிக்ஸ் தொடரைத் தழுவியது. அந்தத் தொடரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், பக்கம் பக்கமாகப் பேச ஆசைதான். அக்காவிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "அவளும் கிரிப்டான்தான். ஆனா சூப்பர்மேன் கைக்குழந்தையா வந்ததால அவருக்கு எதுவும் நினைவில்லை. இவளுக்கு எல்லாம் நினைவிருக்கு." அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, படம் எந்தத் தேதி என்று கேட்டாள்.