காலி இடம் என்று நினைத்துவிடாதீர்கள்

இது பங்குனி மாதம். எங்கள் குடியிருப்புப் பூங்காவின் வடக்கு வேலியோரம் இன்று யார் போய்ப் பார்த்தாலும் இறுகிய செம்மண்ணும் வேப்பஞ்சருகும்தான் கண்ணில் படும். அந்த மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட செங்காந்தள் கிழங்குகள் கிடக்கின்றன. அவற்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் தபால்காரனாக இருந்தவன். பாளையங்கோட்டையிலிருந்து முன்னீர்பள்ளம், தருவை என்று சைக்கிள் மிதித்த காலத்தில், ஐப்பசி பிறந்துவிட்டால் வேலிகளைப் பார்த்துக்கொண்டே போவேன். கிளுவை வேலியிலும் உடைமுள்ளிலும் செங்காந்தள் ஏறியிருக்கும். அதற்குத் தனியாகக் கொடிச்சுருள் கிடையாது. இலையின் நுனியே நூல்போல நீண்டு, சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பூ விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி நிற்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். நாளாக நாளாகச் சிவப்பு நுனியிலிருந்து அடிக்கு இறங்கும். ஒரே கொடியில் மஞ்சளும் சிவப்பும் இரண்டும் கலந்ததுமாக ஏழெட்டுப் பூக்களைப் பார்த்துவிட்டால், கடிதப் பையின் கனம் தெரியாது.

இது தமிழ்நாட்டின் மாநில மலர். எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். ஒருவர்கூட நேரில் பார்த்ததில்லை என்று தெரிந்த நாளில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது.

2021 ஆவணியில் என் தங்கை ஊரில் சாலையை அகலப்படுத்துவதற்காகப் பழைய வேலியைப் பிடுங்கினார்கள். அன்று மண்ணோடு வெளியே வந்த கிழங்குகளைத்தான் நான் பொறுக்கி வந்தேன், நாற்பது இருக்கும். காட்டில் தானாக வளர்வதைத் தோண்டி எடுத்துப் பூங்காவில் வைப்பது சரியல்ல. ஓரிடத்தை அழித்து இன்னோரிடத்தை அழகாக்குவதில் என்ன இருக்கிறது?

கிழங்கு கலப்பைபோல வளைந்து இரண்டு கையாக இருக்கும். அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. இதைச் சொல்லி, பிள்ளைகள் யாரும் தொடக் கூடாது என்றும் சொல்லி, பெரியவர்கள் பதினொரு பேர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நட்டோம். குழிக்குள் குளத்துக் கரம்பையும் மணலும் கலந்து போட்டு, கிழங்கைப் படுக்க வைத்து மூடினோம்.

கையுறை எதற்கு என்றால், இந்தச் செடியில் கிழங்கு முதல் விதை வரை எல்லாமே விஷம். அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருளை அளவோடு கொடுத்தால் யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வலிக்கு மருந்து. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் அதன் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். அளவு மீறினால் உயிரை எடுத்துவிடும். "அண்ணாச்சி, குழந்தைகள் விளையாடும் இடத்தில் இது தேவைதானா?" என்று இரண்டாவது தெருவிலிருந்து ஒரு தாய் கேட்டார். கேட்டது முழுக்க நியாயம். அவர் கேட்ட பிறகுதான் ஊஞ்சல் பக்கம் நடுவதாக இருந்ததை மாற்றி, வடக்கு வேலியோரம் கொண்டுபோனோம். நடுவில் கம்பி வலை அடித்து, விஷச்செடி என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தோம். ஊஞ்சல் பக்கம் ஆவாரையும் தும்பையும் விஷ்ணுகிராந்தியும் கொழுஞ்சியும் மட்டும் விதைத்தோம். ஆவாரை, கொழுஞ்சி விதைகளுக்குத் தோல் கெட்டி. ஆற்று மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் தூவ வேண்டும். வயலில் உரத்துக்காக மடக்கி உழும் கொழுஞ்சியைப் பூங்காவில் எதற்கு விதைக்கிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். அதன் சிறிய ஊதாப் பூவைக் குனிந்து பார்த்த பிறகு கேட்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் இருபத்தேழு கொடிகள் பூத்தன. மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் வலைக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணுவார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது பூத்த கதையை அல்ல.

தை முடிவதற்குள் கொடி மஞ்சளாகிக் காய்ந்து விழுந்துவிடும். பழைய கிழங்கு சுருங்கி, பக்கத்தில் புதிய கிழங்கு உருவாகியிருக்கும். அது அடுத்த மழை வரை உறங்கும். ஏறக்குறைய ஆறு மாதம் மேலே ஓர் இலைகூட இருக்காது. நடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வெறும் மண்ணாகத் தெரியும் இடத்தை ஆறு மாதம் காப்பதுதான் உண்மையான வேலை. அது எனக்கு முதல் வருடம் தெரியவில்லை.

மாசியில் மூலைவீட்டு ஆச்சி, "ஐயோ, வாடிப் போய்விட்டதே" என்று தினமும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அன்பாகத்தான் செய்தார். உறங்கும் கிழங்குக்கு ஈரம் ஆகாது. தோண்டிப் பார்த்தபோது ஒன்பது கிழங்குகள் அழுகிக் கூழாகியிருந்தன. ஆச்சியிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சித்திரையில் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. பூங்காவைச் சுத்தம் செய்ய வந்த கூலியாட்கள், பலகை எப்போதோ காற்றில் விழுந்துவிட்டதால், அந்த ஓரத்தைக் காலி இடம் என்று நினைத்து மண்வெட்டியால் கொத்திவிட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர் ஐந்தாறு கிழங்குகளைத் தட்டிச் சாப்பாட்டுத் தூக்கோடு பையில் வைத்திருந்தார். சீனிக்கிழங்கு என்று நினைத்திருக்கிறார், வீட்டில் பேத்திக்கு அவித்துக் கொடுக்கலாம் என்று. பஸ் ஏறுவதற்கு முன் நான் போய்ச் சேர்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் கழுவினார். ஒன்றும் பேசவில்லை.

பலகையை மட்டும் நம்பக் கூடாது என்று அன்று புரிந்தது. கோடை முழுவதும் பச்சையாக நிற்கும் செடி ஒன்று அந்த ஓரத்துக்கு எல்லையாக வேண்டும். ஆடு கடிக்கக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது. நித்தியகல்யாணியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. நம் பக்கத்தில் மானாவாரி நிலத்தில் மருந்துக்காகப் பயிராகும் செடிதான். "சுடுகாட்டு மல்லியையா பூங்காவில் வைப்பது?" என்று பெரிய எதிர்ப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினோம். கடைசியில் தண்ணீர் ஊற்றிய அதே ஆச்சிதான், "சுடுகாட்டில் வைத்தால் மட்டும் அது வாடியா போகிறது? நடுங்கள்" என்று முடித்துவைத்தார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது பூங்காவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. பள்ளத்தில் இருந்த கிழங்குகள் போய்விட்டன. மேட்டில் இருந்தவை பிழைத்தன. இப்போது உள்ள அறுபதும் அவற்றிலிருந்து பெருகியவையே. விதை போட்டு வந்தவையும் சில உண்டு. விதையிலிருந்து வருவது பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். அவற்றின் முதல் பூவுக்காகக் காத்திருக்கிறோம்.

எங்கள் குடியிருப்பில் இதைப் படிப்பவர்களுக்கு: வடக்கு வேலியோரம், இளஞ்சிவப்பு நித்தியகல்யாணி வரிசைக்கு உட்புறம், வீடு கட்டும் மணலோ ஜல்லியோ கொட்ட வேண்டாம். வண்டி நிறுத்த வேண்டாம். தண்ணீரும் ஊற்ற வேண்டாம். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் களை எடுக்க வருகிறோம். அன்று அந்தக் கூலிக்காரப் பெரியவரும் வருவார். போன இரண்டு வருடமும் சொல்லாமலே வந்தார், சொந்த மண்வெட்டியோடு.