நகரின் வாசல் எங்கே தொடங்குகிறது?

நெடுஞ்சாலையிலிருந்து நகருக்குள் இட்டுவரும் நுழைவுச் சாலைகளை மறுசீரமைக்கும் திட்டங்களுக்கு வரைபடம் தயாரிப்பவர்களில் ஒருவனாகச் சில ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இத்தகைய திட்டத்தின் முதல் கூட்டத்தில் மேசைக்கு வரும் முதல் படம் பெரும்பாலும் ஒரு வரவேற்பு வளைவாகத்தான் இருக்கும். அலங்கார விளக்குக் கம்பங்களும் சென்டர் மீடியனில் வரிசையாகப் பூச்செடிகளும் அதன் பின்னால் வரும். வளைவுகள்மீது எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும் ஓட்டுநரிடம் வளைவு சொல்வது ஊரின் பெயரை மட்டுமே. இனி இது மனிதர்கள் குறுக்கே நடக்கும் இடம் என்பதை அது சொல்வதில்லை. நகரின் வாசல் என்பது வேகம் மாறும் இடம். அது எந்த மீட்டரில் மாற வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், திட்டத்தின் மற்றக் கேள்விகளில் பாதி தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

வேகம் என்று சொல்வதால் பலகை வைப்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். அகலமான தடம், நேர்கோடு, ஓரத்தில் எதுவுமற்ற வெட்டவெளி ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் 50 என்று எழுதி வைத்தாலும் வண்டிகள் 70-இல்தான் போகும். இந்த 20 கிலோமீட்டர் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 50-க்கும் 70-க்கும் இடையே அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கு முன் கழியும் நேரமாகச் சாலை வடிவமைப்பில் வழக்கமாகக் கொள்ளப்படும் 2.5 விநாடியில், 50-இல் வரும் வண்டி 35 மீட்டரும் 70-இல் வரும் வண்டி 49 மீட்டரும் ஓடிவிடும். இந்தத் தூரங்களைத் தாளில் வரைந்து காட்டிய பிறகுதான், தடத்தின் அகலத்தைக் குறைப்பது குறித்துப் பேசவே கூட்டத்தில் அனுமதி கிடைக்கிறது. ஆறு தடங்களை 3.6 மீட்டரிலிருந்து 3.1 மீட்டராகக் குறைத்தால் மொத்தம் 3 மீட்டர் மிச்சமாகிறது. ஓர் அங்குல நிலமும் கையகப்படுத்தாமல் ஒரு வரிசை மரங்களுக்கோ ஒரு சைக்கிள் பாதைக்கோ இடம் கிடைக்கிறது என்பது இதன் பொருள்.

ஆலோசகர்கள் டிரோன் படத்தோடு வருவார்கள். எனக்கு அதைவிட நம்பகமான ஆவணம், சாலையின் முழு நீளத்தையும் நடந்து எழுதிய ஒரு குறிப்பேடு. அப்படி நடந்த ஒரு காலையில், மீடியன் புல்லின் குறுக்கே ஒரு முழ அகலத்தில் மண் தெரியும்படித் தேய்ந்திருந்த ஒற்றையடிப் பாதையைக் கண்டேன். ஒரு பேருந்து நிறுத்தத்தையும் எதிர்ப்புறக் குடியிருப்பின் சந்து ஒன்றையும் அது நேர்கோட்டில் இணைத்தது. தடுப்புக் கம்பிகளில் ஒன்று அந்த இடத்தில் மட்டும் வளைக்கப்பட்டிருந்தது. வளைந்த பகுதி கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகியிருந்தது. எங்கள் வரைபடத்தில் பாதசாரிக் கடப்பு அங்கிருந்து 180 மீட்டர் தள்ளிச் சிக்னலை ஒட்டி இருந்தது. போய்வரச் சேர்த்து 360 மீட்டர் கூடுதலாக எவரும் நடக்கப் போவதில்லை என்பதை அந்த மண்பாதை எங்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்தது.

கடப்பு எங்கே என்பதோடு, அதற்கு எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். 30 மீட்டர் அகலச் சாலையை, விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 25 விநாடியில் கடப்பார், 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 37 விநாடிக்குமேல் ஆகும். பச்சை விளக்கின் அளவு முதலாமவருக்கானது என்றால், இரண்டாமவர் நடுவழியில் நிற்க ஒரு திட்டு வேண்டும். வரைபடத்தில் மீடியன் 60 சென்டிமீட்டராகக் காட்டப்பட்டிருந்தால், அது நிற்பதற்கான இடமல்ல, பூச்செடிக்கான இடம்.

அந்தக் குறிப்பேட்டின் பெரும்பகுதியை நிரப்புவது வாயில்களின் எண்ணிக்கை. நுழைவுச் சாலைகளின் இருபுறமும் கிடங்கு, எரிபொருள் நிலையம், விற்பனைக் கூடம் என்று ஒவ்வொரு மனைக்கும் ஒரு வாயில், சிலவற்றுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு சிறிய முச்சந்திதான். எல்லாத் திசைகளிலும் திரும்ப அனுமதிக்கும் ஒரு முச்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் 9. மீடியனை மூடி, அருகிலுள்ள பக்கத்தில் மட்டும் நுழைந்து வெளியேற விட்டால் அவை 2. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் இப்புள்ளிகள் 32. அதே இடத்தில் ஒற்றைத் தட ரவுண்டானா அமைத்தால் 8. ஆகவே பக்கத்து மனைகளுக்குப் பொதுவான வாயில் அமைப்பதும், பின்புறத்தில் ஓர் அணுகுசாலை திறப்பதும் எந்த வளைவையும்விட அச்சாலையை மாற்றக்கூடியவை. அவற்றைப் புகைப்படம் எடுத்துச் செய்தித்தாளில் போட முடியாது என்பதுதான் அவற்றின் குறை.

வியாபாரிகள் இதை எதிர்ப்பார்கள். அவர்களின் அச்சம் பொய்யானதல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஷோர்லைன் நகரம், தன் நடுவே செல்லும் ஆரோரா அவென்யூவைச் சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு மறுசீரமைத்தபோது, இருபுறமும் திரும்ப உதவிய நடுத்தடத்தை எடுத்துவிட்டு மீடியன் அமைத்தது. ஓரத் தடத்தைப் பேருந்துகளுக்கும் கடைகளுக்குள் திரும்பும் வண்டிகளுக்குமாக ஒதுக்கியது. வணிகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. வேலை மூன்று கட்டங்களாக நடந்ததால், அடுத்த கட்டத்துக்காகக் காத்திருந்தவர்கள் முடிந்த பகுதியை நேரில் பார்க்க முடிந்தது. கட்டம் பிரிப்பதைப் பணப் பற்றாக்குறையின் விளைவாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த உதாரணத்தைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

அகலப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். நெரிசல் நேரத்தில் விரைவுச் சாலைகளில் இடம் கூடக் கூட வண்டிகளும் கூடி அதை நிரப்பிவிடும் என்று பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962-இலேயே எழுதிவிட்டார். இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் நீர்முகப்பை மறைத்து நின்ற எம்பர்கடேரோ மேம்பாலச் சாலையை இடிக்கும் யோசனையை 1986-இல் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 1989-இல் நிலநடுக்கம் அதைச் சிதைத்தது. 1991-இல் அது இடிக்கப்பட்டு, பிறகு அங்கே மரங்களும் டிராமும் உள்ள தரைமட்டச் சாலை வந்தது. சியோலில் 2003-இல் இடிக்கத் தொடங்கிய மேம்பாலச் சாலையின் இடத்தில் 2005-இல் 5.8 கிலோமீட்டர் நீள சியோங்கியேசியோன் ஓடை திறக்கப்பட்டது. இடையில் 2004-இல் அந்நகரம் பேருந்து வழித்தடங்களை முழுவதுமாக மாற்றியமைத்தது என்பதை அந்த ஓடையின் படங்களைப் பகிர்பவர்கள் சொல்வதில்லை. ஓடையை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்துகளை விட்டுவிட்டால் அது வேறொரு திட்டம்.

நுழைவுச் சாலையின் ஓரத்தில் வசிப்பவர்களைப் பற்றித் திட்ட அறிக்கைகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. 1960-களின் இறுதியில் நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட், சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்கு 2,000 வண்டிகள் செல்லும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் செல்லும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. வாகன எண்ணிக்கையை மட்டும் பதினைந்து பக்க அட்டவணைகளாகத் தரும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த எண் நினைவுக்கு வரும்.

சாலையை ஒட்டிய மனைகளைத் திட்டத்துக்கு வெளியே வைப்பது இன்னொரு தவறு. அகலப்படுத்தலுக்குப் பிறகு பல மனைகள் கட்டடம் எழுப்ப முடியாத துண்டுகளாகிவிடும். அவற்றை ஒன்றுசேர்த்து மறுபகிர்வு செய்யாவிட்டால், புதிய நடைபாதைக்குப் பின்னால் சுற்றுச்சுவர்களும் விளம்பரப் பலகைகளுமே மிஞ்சும். பிரேசிலின் குரிடிபா நகரம் 1970-களில் விரைவுப் பேருந்துத் தடங்களை அமைத்தபோதே அவற்றின் ஓரமாக உயர்ந்த கட்டடங்களை அனுமதிக்கும் விதிகளையும் கொண்டுவந்தது. சாலையும் நிலமும் ஒரே வரைபடத்தில் இருந்தன.

தரைக்கு அடியில் இருப்பதை இறுதியில் பார்ப்பது எங்கள் துறையின் பழைய வியாதி. குடிநீர், கழிவுநீர், மழைநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு எல்லாம் தனித்தனி அலுவலகங்களில் தனித்தனி ஆண்டுகளில் வரைந்த வரைபடங்களாக இருக்கும். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவது அபூர்வம். சோதனைக் குழி தோண்டாமல் மரம் நடும் இடத்தைக் குறித்தால், மூன்றில் ஒரு மரம் ஏதோ ஒரு கேபிளின் மேல் வந்து உட்காரும். நான் அந்த மண்பாதையைக் கண்ட திட்டத்தில் தோண்டிய நான்காவது குழியில் ஒரு பழைய குடிநீர்ப் பிரதானக் குழாய் தென்பட்டது. வரைபடத்தில் இருந்ததற்கு 4 மீட்டர் தள்ளி, வரவேற்பு வளைவின் இடது தூணுக்குக் குறித்த இடத்திற்கு நேர்கீழே அது ஓடியது. குழாயை மாற்ற ஒப்புதல் வேண்டும். தூணை நகர்த்தினால் வளைவு சமச்சீராக இராது. இரண்டு கூட்டங்கள் அதிலேயே கழிந்தன. அதற்குள் பாதசாரிக் கடப்பை அந்த மண்பாதைக்கு நேரே மாற்றி வரைந்து, நடுவில் 2.5 மீட்டர் அகலத் திட்டோடு ஒப்புதல் வாங்கிவிட்டோம். வளைந்த கம்பி இருந்த இடத்தில் இப்போது தடுப்பே இல்லை.