பாதி ஊர் ஜூனில் பிறந்திருக்கிறது

வெள்ளையடிப்பதற்காக எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் அலமாரியை நகர்த்தியபோது பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்று கிடைத்தது. செல்லரித்த ஓரம், மங்கிய நீல மை. புரட்டினால் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறார்கள்! வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதியை வாத்தியாரே எழுதிக்கொள்வார். என் அப்பாவின் பிறந்தநாளும் அப்படி உருவானதுதான். பாட்டியைக் கேட்டால், "ஐப்பசி அடைமழையில் பிறந்தவன்" என்பார்.

அப்போது ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் ஒரே கூரை, ஒரே பிரம்பு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டத்தை மறு ஆண்டே காமராசர் கைவிட்டார். 1956இல் எட்டயபுரத்தில் அவர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. பிற்பாடு கேர் அமைப்பு வழியாக அமெரிக்க மாவும் வந்தது. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனையை அப்பா இன்றும் வர்ணிப்பார். படித்த பாடம் ஒன்றுகூட நினைவில்லை. (எனக்கும் அப்படித்தான். 1982இல் சத்துணவு வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. அலுமினியத் தட்டின் நெளிவுகூட ஞாபகம் இருக்கிறது.)

வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அதுதான் மணி. ஆசை அடங்காமல் ஒரு தட்டு தட்டினேன். பதினொரு பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் மீண்டும் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.