தாங்கி பார்க்கப் போனோம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் உச்சியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கிக்கும், பத்திரிகைகளில் வரும் யுத்த தாங்கிக்கும் ஏன் ஒரே பெயர் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சென்ற ஆடி மாதம் இலண்டனில் அக்கா வீட்டில் நின்றபோது, அத்தானும் 12 வயது மருமகனும் என்னை டோர்செட்டிலுள்ள பொவிங்டன் தாங்கி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். விடை அங்கே இருந்தது.

தாங்கிக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான 'லிட்டில் வில்லி'யின் முன்னால் நெடுநேரம் நின்றேன். சுழலும் கோபுரமோ பீரங்கியோ இல்லாமல், தறையாணிகளால் பொருத்திய இரும்புத் தகட்டுப் பெட்டியொன்று சங்கிலிப் பட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் நிரப்பி வைத்தாலும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். முதலாம் உலகப் போர் நடந்த 1915 இல் லிங்கன் நகரில் வேளாண் இயந்திரங்கள் செய்துவந்த ஃபொஸ்டர் நிறுவனம் இதைக் கட்டியபோது, இரகசியம் காப்பதற்காக, மெசப்பொத்தேமியா (இன்றைய ஈராக்) போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் வண்டி என்று தொழிலாளரிடம் கூறப்பட்டதாம். 'தண்ணீர் காவி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் 'டபிள்யூ. சி.' என்று மலசலகூடத்தை நினைவூட்டியதால், 'டாங்க்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். ரஷ்யாவுக்குப் போகும் சரக்கு என்று காட்ட, 'பெத்ரோகிராட்டுக்கு, கவனம்' என்று ரஷ்ய மொழியில் எழுதியும் வைத்தார்களாம்.

நம் நாட்டு ஆங்கிலத்திலோ 'டாங்க்' என்றால் குளம். மன்னாரின் கட்டுக்கரைக் குளம் நிலப்படங்களில் 'ஜயன்ட்ஸ் டாங்க்' ஆகிவிட்டது. அந்த ஒலியையும் 'தாங்கு' என்ற வினையையும் ஒருசேரப் பிடித்துத் 'தாங்கி' என்று முதலில் எழுதியவர் யாராயினும், கெட்டிக்காரர்.

உலகில் எஞ்சியிருக்கும் ஒரேயொரு 'மார்க் 1' தாங்கியும் அங்கேதான் இருக்கிறது. 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கிய வகை இது. ஏறக்குறைய 28 தொன் எடை. 105 குதிரைவலு இயந்திரம். வேகம் மணிக்கு 6 கிலோமீற்றர், அதாவது மாலை வேளைக் காலி வீதியோடு போட்டியிடலாம். இயந்திரம் தடுப்பேதுமின்றி நடுவில் உறும, அதைச் சுற்றி 8 பேர் 50 பாகை வெப்பத்திலும் புகையிலும் நின்று வேலை செய்தார்கள். வண்டியைத் திருப்புவதற்கே நால்வர் தேவைப்பட்டனர். பேச்சு ஒருவருக்கும் கேளாது என்பதால், இயந்திர மூடியில் தட்டிச் சைகை காட்டினார்கள். குண்டு பட்டால் உட்தகடு சிதறித் தெறிக்கும். அதற்காக அவர்கள் அணிந்த முகமூடியொன்றையும் கண்டேன்: தோல் பட்டையில் கண்களுக்குக் கீறல் துளைகள், வாய்க்குக் கீழே தொங்கும் இரும்பு வளைய வலை.

"மாமா, வாங்கோ, புலியைப் பார்ப்பம்!" என்று மருமகன் மண்டபம் அதிரக் கூவினான். கொழும்பில் வளர்ந்த பழக்கம், நான் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தேன். அவனுக்கு விளங்கவில்லை, அத்தானுக்கு விளங்கியது. இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவன் சொன்னது ஜேர்மனியரின் 'டைகர் 131' தாங்கியை. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரித்தானியர் கைப்பற்றியது. 57 தொன் எடையும் 88 மில்லிமீற்றர் பீரங்கியும் கொண்ட இந்தப் பூதம் இன்றும் ஓடுகிறது. என் கண் நின்றது சக்கரங்களில்தான். அடுக்கிய தட்டுகளைப் போல ஒன்றையொன்று மூடி நிற்கின்றன. உட்சக்கரம் ஒன்று பழுதானால் வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்றவேண்டும். சேற்றில் நின்று அதைச் செய்தவன் வடிவமைத்தவனை எப்படித் திட்டியிருப்பான்! மற்ற மண்டபங்களைக் கால் வலியோடு விரைவாகக் கடந்தேன்.

திரும்பும் வழியில் லிட்டில் வில்லியின் படத்தை, 'தாங்கி பார்க்க வந்தோம்' என்ற குறிப்போடு குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். வெள்ளவத்தையிலிருந்து அம்மா உடனே பதில் எழுதினார்: "எங்கட தாங்கியும் கழுவி ஆறு மாசமாச்சு. நீ எப்ப வாறாய்?"