எக்ஸாஸ்ட் ஃபேனும் காய்ந்த நானி ட்ராப்பும்

கொரோனா பரவுவது என்றதும் இருமல், தும்மல், மாஸ்க் வரை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் ஜாலியையும், அதன் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் நானி ட்ராப்பையும் யாரும் நினைப்பதில்லை. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் முந்நூறு பேருக்கு மேல் சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் தொற்றியதில் அந்த ட்ராப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

சார்ஸும் கொரோனா வகைதான். மனிதரிடையே நன்கு அறியப்பட்ட ஏழு கொரோனா வைரஸ்களில் நான்கு பெரும்பாலும் சளி, ஜலதோஷத்தோடு போய்விடும். வம்பு செய்தவை சார்ஸ், மெர்ஸ், கோவிட்-19. ஏழுக்கும் மேலே கொழுப்பு உறை இருப்பதால் சோப்பு பட்டால் உடைந்துபோகும். கைக்கு அது போதும். காற்றுக்குச் சோப்பு போட முடியாதே!

அமோய் கார்டன்ஸின் ஈ பிளாக்கில் 33 மாடி, மாடிக்கு 8 வீடு. அந்த மார்ச்சில் வயிற்றுப்போக்கோடு இருந்த சார்ஸ் நோயாளி ஒருவர் அங்கே உறவினர் வீட்டுக்கு வந்து கழிவறையைப் பயன்படுத்தினார். சார்ஸ் வைரஸ் மலத்திலும் ஏராளமாக வெளியேறும். ஃப்ளஷ் செய்தபோது செங்குத்துக் கழிவுக் குழாய்க்குள் நுண்திவலைகள் கிளம்பின. சாதாரணமாக அவை வீட்டுக்குள் வராது. தரை ட்ராப்பின் வளைவில் தேங்கியிருக்கும் நாலு விரல்கூட ஆழமில்லாத தண்ணீர்தான் தடுப்பு. அங்கே பலர் பாத்ரூம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால் அந்தத் தண்ணீர் காய்ந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் காற்று வரக் கிடைத்த வழி ட்ராப் ஒன்றுதான். குழாய்க் காற்றை அதுவழியே இழுத்த ஃபேன், அதைக் கட்டடத்தின் டக்டுக்குள், அதாவது பாத்ரூம் ஜன்னல்கள் திறக்கும் செங்குத்து இடைவெளிக்குள், தள்ளியது. ஈரமும் சூடுமான காற்று டக்டில் மேலேறி மற்ற மாடி ஜன்னல்களுக்குள் நுழைந்தது.

ஃபேன்மீது பழி போட வேண்டாம். 2020 ஜனவரி 24 அன்று குவாங்சோவில் ஜன்னலில்லாத ஓர் உணவகத் தளத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். எக்ஸாஸ்ட் ஃபேன்கள் மூடிக் கிடக்க, ஏசி அதே காற்றைச் சுற்றிச் சுற்றி விட்டது. அடுத்தடுத்த மூன்று மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்கு கோவிட். ஆளுக்கு நொடிக்கு சுமார் 1 லிட்டர் வெளிக்காற்றுதான் வந்ததாகப் பிறகு அளந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10 லிட்டர். ஆக, ஃபேன் ஓட வேண்டும், அது வெளியே தள்ளும் அளவுக்குச் சுத்தமான காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். பாத்ரூம் கதவின் அடியில் இரண்டு செ.மீ. இடைவெளியாவது விடுங்கள். அடியில் ரப்பர் பட்டை ஒட்டி அடைத்துவிட்டு நாற்றம் போகவில்லை என்பவர்கள் நிறைய.

நம் ஃப்ளாட்களில் தினமும் குளிக்கும் பாத்ரூமில் நானி ட்ராப் காயாது. காய்வது விருந்தினர் அறை பாத்ரூம், பால்கனி, மெஷினை இடம் மாற்றிய பிறகு சும்மா கிடக்கும் வாஷிங் மெஷின் ட்ராப். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். ஹாங்காங் சுகாதாரத் துறை இன்றும் சொல்லும் அளவு இது. சில ட்ராப்களில் ஜாலிக்கு அடியில் கவிழ்த்துவைத்த கப் ஒன்று இருக்கும். முடி அடைக்கிறது என்று அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை, நீர்த்தடுப்பே அந்தக் கப்தான். கழுவித் திரும்ப மாட்டுங்கள். கம்மோட் மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள்.

கோவிட் பெரும்பாலும் பரவியது ட்ராப் வழியாக அல்ல, ஒரே அறைக் காற்றைப் பகிர்வதால்தான். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும் என்பதால் காய்ச்சல் பார்த்து ஆளை ஒதுக்குவது சார்ஸுக்கு உதவிய அளவு இதற்கு உதவவில்லை. ஆனால் வீட்டில் ஒருவரைத் தனி அறையில் வைக்கும்போது நாம் கொடுப்பது பெரும்பாலும் அந்த விருந்தினர் பாத்ரூமைத்தான். அவர் போகுமுன் ட்ராப்பில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஊருக்குப் போவதென்றால் தண்ணீருக்கு மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுப் போங்கள், சீக்கிரம் ஆவியாகாது.