அப்பாவின் பெயர் எந்தப் பெட்டிக்குள்?

என் கணவர் அமெரிக்க இராணுவத்தில் இருக்கிறார். மட்டக்களப்பு, கல்லடியில் இருந்துகொண்டு இந்த ஒரு வசனத்தை எழுத எனக்குக் கொஞ்சம் துணிவு தேவைப்படுகிறது. யார் கேட்டாலும் அம்மா "மருமகனுக்கு அமெரிக்காவில வேலை" என்று சொல்லிவிட்டு உடனே கறி விலைக்குத் தாவிவிடுவா. 'ஆமி' என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கிற பாரம் வேறு. எந்த நாட்டு ஆமி என்று கேட்கும் முன்னமே கேட்டவரின் முகம் மாறிவிடும்.

ஆனாலும் எழுதுகிறேன். கிரீன் கார்ட் லொத்தரில் போய்ப் படையில் சேர்ந்த பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், அவர்களுடைய மனைவிமாருக்குப் படிக்க ஒரு வழி இருக்கிறது. அதில் நான் தடக்குப்பட்டு விழுந்த இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அவர்களுக்கு ஐந்து மாதம் மிச்சம்.

இவர் 2012இல் லொத்தரில் போனவர். 2014இல் படையில் சேர்ந்து, அந்தச் சேவையின் பேரிலேயே குடியுரிமையும் எடுத்தார். 2023 ஐப்பசியில் ஒன்பது மாதச் சுழற்சியில் அவரைக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். டெக்சாஸில் இரண்டரை வயது மகனோடு தனியே கிடப்பதைவிட அம்மாவிடம் போவம் என்று நான் கல்லடிக்கு வந்தேன். வந்த கையோடு, கணக்கியல் முதுகலையை ஒரு அமெரிக்க அரச பல்கலைக்கழகத்தில் இணையவழியாகத் தொடங்குவதென்று முடிவெடுத்தேன். காசு அவருடைய ஜீ.ஐ. பில்லிலிருந்து.

ஜீ.ஐ. பில் என்பது படைவீரர்களுக்கான கல்விச் சலுகை. 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு சேவை செய்தவர்களுக்கான இப்போதைய வடிவம் 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. முழு உரித்துள்ளவருக்கு 36 மாதப் படிப்பு. அரச பல்கலைக்கழகமென்றால் அந்த மாநிலத்தவர் கட்டுகிற கட்டணம் முழுவதும் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், தனியார் என்றால் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். இவர் தன்னுடைய படிப்புக்கு அதில் கை வைக்கவே இல்லை. சேவையில் இருக்கிறவர்களுக்கு 'டியூஷன் அசிஸ்டன்ஸ்' என்று தனியே ஒன்று உண்டு, ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு பாட அலகுக்கு, 250 டொலர் வரை. அதை வைத்துப் பின்னேரங்களில் படித்துத் தன் பட்டத்தை முடித்தார். அது வீரருக்கு மட்டும், குடும்பத்துக்கு இல்லை. மனைவிமாருக்கென்று 4,000 டொலர் வரை தருகிற இன்னொரு திட்டமும் இருக்கிறது. அது சான்றிதழ், தொழில் உரிமம், இரண்டு வருடப் படிப்பு போன்றவற்றுக்குத்தான், முதுகலைக்குச் சரிவராது.

ஆக 36 மாதமும் தொடாமல் கிடந்தது. அதைக் குடும்பத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் ஆறு வருடச் சேவை முடிந்திருக்க வேணும், அதற்கு மேல் இன்னும் நாலு வருடம் இருப்பேன் என்று கையெழுத்தும் வைக்க வேணும். இதையெல்லாம் சேவையில் இருக்கும்போதே செய்ய வேணும், விலகி வெளியே வந்த பிறகு யாரையும் புதிதாகச் சேர்க்க முடியாது. இவருடைய சிநேகிதர் ஒருவர் "பிறகு பாப்பம், பிறகு பாப்பம்" என்று இழுத்து, விலகின பிறகுதான் இணையதளத்தைத் திறந்து பார்த்தார். இன்றைக்கும் அவருடைய மனைவி அந்தக் கதையை எடுத்தால் அவர் எழும்பிப் போய்விடுவார்.

நாங்கள் 2021இலேயே, படையினர் தங்கள் சலுகைகளைப் பதிகிற 'மில்கனெக்ட்' இணையதளத்தில் எனக்கு 20 மாதமும் மகனுக்கு 16 மாதமும் எழுதியிருந்தோம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எத்தனை பிள்ளை இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதமாவது போட்டுவிடுங்கள். பெயர் உள்ளே இருந்தால் மாதக் கணக்கைப் பிறகு கூட்டிக் குறைக்கலாம். பிள்ளைக்கு அந்தக் காசு கைக்கு வர தகப்பனுக்குப் பத்து வருடச் சேவை வேணும், பிள்ளைக்குப் பதினெட்டு வயதாக வேணும் அல்லது பள்ளிப் படிப்பு முடிய வேணும், 26 வயதுக்குள் படித்தும் முடிக்க வேணும். மனைவிக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, உடனே தொடங்கலாம்.

நான் படிக்கப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர் மத்தியில் ஒரு கதை கிளம்பியது. மாதாமாதம் எனக்கு வீட்டு வாடகைக் காசும் வரப்போகிறதாம். மச்சாள் ஒருத்தி கணக்கே பார்த்துவிட்டாள். அப்படி ஒரு படி இருப்பது உண்மைதான், ஆனால் கணவர் சேவையில் இருக்கும்வரை மனைவிக்கு அது கிடையாது. புத்தகக் காசு மட்டும் வருடத்துக்கு 1,000 டொலர் வரை. மச்சாளுக்கு இதை விளங்கப்படுத்தினேன். அவள் நம்பவில்லை.

இனி என்னுடைய தலையிடிக்கு வருகிறேன்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னுக்கு, என் பெயர் பின்னுக்கு. பள்ளிக்கூட இடாப்பிலும் அப்படித்தான், பல்கலைக்கழகப் பட்டத்திலும் அப்படித்தான். கடவுச்சீட்டு எடுக்கும்போது குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் அப்பாவின் பெயரைப் போட்டார்கள், அது சரி. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு அட்டையும் கடவுச்சீட்டைப் பார்த்து வந்தது, அதுவும் சரி. ஆனால் படைக் குடும்பங்களின் பதிவேடான 'டியர்ஸ்' இல் என்னைப் பதிந்தவர் என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் பார்த்திருக்கிறார். கடைசியில் நிற்பதுதானே குடும்பப் பெயர் என்று என் சொந்தப் பெயரை அங்கே தள்ளிவிட்டார். முகாம் அட்டையில் இப்படி மாறிக் கிடந்ததை அப்போதே கண்டேன். வாசலில் நிற்கிற பொடியன் படத்தைத்தானே பார்க்கிறான் என்று விட்டுவிட்டேன். இதற்கு நான் வேறு யாரைக் குற்றம் சொல்ல?

இரண்டு வருடம் கழித்து அது வந்து காலைக் கடித்தது. மனைவியோ பிள்ளையோ மாற்றப்பட்ட சலுகையைக் கேட்கிற படிவம் 22-1990ஈ. அதைக் கடவுச்சீட்டில் உள்ளபடி நிரப்பினேன். பதிவேட்டிலோ வேறொருத்தி. விண்ணப்பம் நின்றுவிட்டது.

அதே கிழமை இன்னொரு கடிதமும் வந்தது. வெளிநாட்டுப் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்தோடு ஒப்பிட்டு அறிக்கை தருகிற நிறுவனத்துக்குக் காசு கட்டியிருந்தேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நான் செய்தது நாலு வருடப் பட்டம், அதனால் முதுகலைக்குத் தகுதி பற்றிப் பயமில்லை. மூன்று வருடப் பட்டம் உள்ளவர்கள் மட்டும் முதலில் சேரப்போகிற இடத்தில் கேட்டுவிடுங்கள். அந்த நிறுவனம் கேட்டது இதுதான்: விண்ணப்பத்தில் உள்ள பெயர் வேறு, பட்டத்தில் உள்ள பெயர் வேறு, இவர் யார்?

தையில் வெள்ளம். மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீதிக்கு வந்து பஸ் ஏறினேன். ஏறாவூர், செங்கலடி தாண்டி வந்தாறுமூலையில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வழமையைவிட இரண்டு மடங்கு நேரம். பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரத்தை முத்திரையிட்ட உறையில் நேரே அமெரிக்காவுக்கு அனுப்ப வேணும், அதோடு 'இந்த இரண்டு பெயரும் ஒருவரே' என்று ஒரு கடிதமும் வேணும் என்றேன். மேசையில் இருந்த அக்கா கடவுச்சீட்டையும் பட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தா. "கனடாக்குப் போற புள்ளையள் எல்லாம் இதுக்குத்தான்கா வாறது" என்றா. எனக்கு மட்டும் வந்த கேடு இல்லை என்றதில் ஒரு நிம்மதி.

கடிதம் போதாது, சத்தியக்கடதாசியும் வேணும் என்றார்கள். எங்கள் பகுதியில் ஒரு சமாதான நீதவான் இருக்கிறார், ஓய்வுபெற்ற அதிபர். போகும்போது அம்மா படலை வரைக்கும் வந்து, "ஆமி எண்டு சொல்லிப்போடாத, கொம்பனி எண்டு சொல்லு" என்றா. ஆனால் கடதாசியில் நோக்கம் எழுத வேணுமே. சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "என்ன தேவைக்கு மகள்?" என்று கேட்டார். சொன்னேன். பேனை நின்றது. பின் சுவரில் மணிக்கூடு ஓடுகிற சத்தம் மட்டும்.

"அமெரிக்க ஆமியோ?"

"ஓம் சேர்."

"அவர் எந்த ஊர்?"

"வாழைச்சேனை."

கொஞ்ச நேரம் முற்றத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமி கூட்டிக்கொண்டு போன புள்ளையளுக்குத்தான் இந்த மேசையில வைச்சுக் கனக்க எழுதினன்" என்றார். "தாய்மார் வந்து அந்தா, அந்தக் கதிரையிலதான் இருப்பாங்க." நான் இருந்த கதிரையைத்தான் காட்டினார். எழும்பிவிடலாமா என்று இருந்தது. பிறகு, "இது படிப்புக்குத்தானே, எழுதுவம்" என்று பேனையை எடுத்தார். ஆங்கிலத்தில் எழுதி, சொல்லுச் சொல்லாக எனக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வைத்தார். காசு வாங்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

டியர்ஸ் பதிவைத் திருத்த நான் அங்கே போகத் தேவைப்படவில்லை. கடவுச்சீட்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை, விவாகச் சான்றிதழ் மூன்றின் பிரதிகளோடும் கணவர் கொரியாவில் தன் முகாமிலேயே உள்ள அடையாள அட்டை அலுவலகத்துக்குப் போனார். இருபது நிமிட வேலையாம். அந்த இருபது நிமிடத்தை நாங்கள் 2021இல் செய்திருக்கலாம்.

எல்லாம் சரியென்று மறுபடி விண்ணப்பிக்க இருந்தால், கணக்குக்குள் போகக் குறியீட்டு எண் கேட்கிறது. அது வருவது என் அமெரிக்க இலக்கத்துக்கு. அந்த சிம் இஞ்ச வேலை செய்யாது என்று டெக்சாஸில் பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பதினொன்றரை மணித்தியால வித்தியாசம். அவள் பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வர எனக்கு இரவு எட்டரை. நான் பொத்தானை அமத்த, அவள் எண்ணைப் படமெடுத்து அனுப்ப, அது வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்றாம் இரவு அவள் போனிலேயே எண்ணை வாசித்தாள், உள்ளே போனேன். ஊருக்கு வர முதல் அந்த இலக்கத்தை மாற்றிவிட்டு வாருங்கள்.

தகுதிச் சான்றுக் கடிதம் டெக்சாஸ் வீட்டுத் தபாற்பெட்டிக்குத்தான் போனது. பங்குனியில் ஒரு விடியற்காலை தங்கச்சி அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அதைப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சலுகைகளுக்கென்றே இருக்கிற அலுவலருக்கு அனுப்பினேன். நான் எடுக்கிற பாடங்களை அவர்தான் அரசாங்கத்துக்கு உறுதிப்படுத்த வேணும். பட்டத்துக்குத் தேவையில்லாத பாடத்துக்குக் காசு வராது என்பதை அவர் இரண்டு தரம் எழுதியிருந்தார். ஆசைக்கு ஒரு புள்ளிவிபரவியல் பாடம் எடுத்திருந்தேன், வெட்டிவிட்டேன்.

வைகாசியில் வகுப்பு தொடங்கியது. முதல் நாள் திரையில் விரிவுரையாளர் என்னை 'மிஸிஸ்' போட்டு அப்பாவின் பெயரால் கூப்பிட்டார். மகனைத் தோளில் போட்டு நித்திரையாக்கிக்கொண்டு நின்ற அம்மா திடுக்கிட்டுத் திரும்பினா.

"அது ஆருகா, அப்பாவக் கூப்பிடுறது?"