வைவாவில் டேபிளைக் கேட்டார்கள்

ரேடியோகிராஃபி டிப்ளமோ, முதல் வருடப் பிராக்டிகலில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. எக்ஸ்ரே டியூபைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்ற தைரியத்தில் போயிருந்தேன். சுழலும் ஆனோடு, ஃபிலமென்ட், டிரான்ஸ்ஃபார்மர், டார்க் ரூம் கெமிக்கல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அறை நடுவில் இருந்த டேபிளைத் தட்டி, "இதைப் பத்திச் சொல்லுப்பா" என்றார்.

"பேஷண்ட் படுக்கிறதுக்கு சார்."

எங்கள் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, டேபிள் டாப்பை 10 சென்டிமீட்டர் இடது பக்கம் தள்ளினா, உள்ளே பக்கியில இருக்கிற கேசட் எங்கே போகும்?" (ஃபிலிம் இருக்கும் பெட்டிதான் கேசட், பலகைக்கு அடியில் அதைத் தாங்கும் அமைப்புதான் பக்கி.)

"அதுவும் இடது பக்கம் போகும் சார்."

"டேபிளை 10 சென்டிமீட்டர் மேலே தூக்கினா என்ன ஆகும்?"

"பேஷண்ட் மேலே வருவார் சார்."

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பாஸ் மார்க்கை ஒட்டித் தப்பித்தேன். அந்த இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் தெரிந்தால் டேபிளைப் பற்றிப் பாதிக்கு மேல் தெரிந்த மாதிரி என்பது பிறகுதான் புரிந்தது. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். ஃப்ளோட்டிங் டாப் டேபிளில் நான்கு திசையிலும் மிதப்பது மேல்பலகை மட்டும்தான். அதன் கீழே இருக்கும் பக்கி தனி ஆள். அது டேபிள் நீளத்துக்கு ஒரு தண்டவாளத்தில் தலைக்கும் கால்மாட்டுக்கும் ஓடும், குறுக்கே நகராது. டியூபைக் குறுக்கே கொண்டுவந்து நடுவில் நிறுத்தும்போது 'டக்' என்று ஒரு இடத்தில் மாட்டும் பாருங்கள், அந்த இடத்தில் டியூபும் பக்கியின் நடுக்கோடும் நேராக இருக்கின்றன என்று பொருள். அதற்குப் பிறகு டியூபைக் குறுக்கே அசைக்கவே கூடாது. பேஷண்டின் முதுகெலும்பு நடுக்கோட்டுக்கு வரவில்லையா? பெடலை அழுத்திப் பலகையைத் தள்ளி, ஆளைக் கதிருக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். ஃப்ளோட்டிங் டாப் வந்ததே இதற்காகத்தான். பலகை நகராத பழைய டேபிளில், "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, இன்னும் கொஞ்சம்… ஐயோ, ரொம்ப வந்துட்டீங்க" என்று வலியில் இருப்பவரோடு போராட வேண்டியிருக்கும்.

டியூபை நகர்த்தினால் என்ன கெட்டுவிடும் என்று அடுத்த கேள்வி வரும். பக்கிக்குள் கேசட்டுக்கு மேலே, சிதறிய கதிரை வடிகட்டும் ஈயத் தகடு வரிசை ஒன்று இருக்கும், அதுதான் கிரிட். பெரும்பாலும் ஃபோகஸ்டு கிரிட். அதன் ஈயத் தகடுகள் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் நடுக்கோட்டில் இருக்கும் ஃபோகஸை நோக்கிச் சாய்ந்திருக்கும். டியூப் 4, 5 சென்டிமீட்டர் ஒதுங்கினாலும் நேராக வர வேண்டிய கதிரைத் தகடுகள் மறிக்கத் தொடங்கும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஓரம் மட்டும் வெளிறும் என்று எழுதிவிடுவார்கள். குறுக்கே ஒதுங்கினால் படம் முழுக்க ஒரே சீராக வெளிறும். தூரம் தப்பினால்தான் இரண்டு ஓரங்களும் வெளிறி நடுப்பகுதி சரியாக இருக்கும். சீராக வெளிறிய படத்தைப் பார்க்கிற டெக்னீஷியன் எக்ஸ்போஷர் பற்றவில்லை என்று நினைத்து எம்.ஏ.எஸ்.ஸை, அதாவது கதிரின் அளவைக் கூட்டி மறுபடி எடுப்பார். டியூப் ஒதுங்கியதற்கு பேஷண்ட் இரண்டு மடங்குக்கு மேல் கதிர் வாங்குகிறார். ஃபிலிம் இல்லாத டிஜிட்டல் (டி.ஆர்.) கருவியில் இது இன்னும் மறைந்து போகும். மென்பொருள் வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும், படத்தில் பொரிபொரியாகப் புள்ளிகள் மட்டும் தெரியும்.

பக்கி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள், சுலபமான மார்க். குஸ்டாவ் பக்கி என்ற ஜெர்மன் மருத்துவர் 1913-ல் கிரிட்டைக் கண்டுபிடித்தார். எக்ஸ்போஷரின்போது அதை நகரவைத்தால் தகடுகளின் கோடு படத்தில் விழாது என்று செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஹோலிஸ் பாட்டர். அதனால்தான் பாட்டர்-பக்கி. இந்த பக்கி பின்னாளில் ஐன்ஸ்டைனோடு சேர்ந்து, வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் ஒரு கேமராவுக்கு 1936-ல் பேட்டன்ட் வாங்கினார். இதை வைவாவில் சொன்னால் கூடுதல் மார்க் கிடைக்காது, ஆனால் எக்ஸாமினர் முகம் மலரும்.

இரண்டாவது கேள்வி, டேபிளைத் தூக்குவது. பக்கி டேபிளோடு சேர்ந்தே இருப்பதால் பலகை ஏறும்போது அதுவும் ஏறும். ஆகவே பேஷண்டுக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. மாறுவது டியூபுக்கும் கேசட்டுக்கும் உள்ள தூரம், அதாவது எஃப்.எஃப்.டி. (ஃபோகஸ்-ஃபிலிம் தூரம்). 100 சென்டிமீட்டரில் இருந்ததை 10 தூக்கினால் 90 ஆகிவிடும். தலைகீழ் இருமடி விதிப்படி 100-ஐ 90-ஆல் வகுத்து இருமடி ஆக்கினால் ஏறக்குறைய 1.23. கேசட்டுக்கு வரும் கதிர் 23 சதவீதம் அதிகம். அதே டேபிளை 20 சென்டிமீட்டர் இறக்கினால் தூரம் 120, கதிர் 0.69 பங்குதான். கூடவே வெளிச்சக் கட்டமும் மாறும். கதிர் விழும் பரப்பை வெளிச்சத்தால் காட்டிக் கட்டுப்படுத்துவது டியூபுக்குக் கீழே இருக்கும் கொலிமேட்டர். 100-ல் 30 சென்டிமீட்டர் அகலம் வைத்தால் 90-ல் அது 27-தான் காட்டும். படத்தில் இடுப்பு எலும்பின் ஓரம் வெட்டுப்பட இது போதும். கிரிட்டுக்கென்று குறித்த தூர வரம்பைத் தாண்டினால் மேலே சொன்ன ஓர வெளிறலும் சேர்ந்துகொள்ளும். புதிய கருவிகள் சிலவற்றில் டேபிள் ஏறினால் டியூபும் தானே ஏறி 100-ஐக் காப்பாற்றும். அதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்துச் சொல்லுங்கள். அதை மட்டும் சொன்னால், "மோட்டார் வேலை செய்யலைன்னா?" என்று மடக்குவார்கள்.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் கற்கவில்லை. போஸ்டிங்கில் இருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு பாட்டியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகம். ஏறி இறங்கும் டேபிள் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஸ்ட்ரெச்சர் மட்டத்துக்கு இறக்கி, "பாட்டி, கையை நெஞ்சு மேல கட்டிக்கோங்க, நாங்க தூக்கிக்கிறோம்" என்று சொல்லி, நான்கு பேர் பெட்ஷீட்டோடு இழுத்துக் கிடத்தினோம். பாட்டி 'அம்மா' என்று ஒரு தடவைதான் முனகினார். அந்த நிம்மதியில் டேபிளைத் திரும்ப உயர்த்த மறந்து, தூரமும் பார்க்காமல் எக்ஸ்போஸ் பண்ணினேன். படம் வெளிறி வந்தது. மறுபடி எடுத்தோம். சீனியர் திட்டவில்லை. இன்ச் டேப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆளை மாற்றிக் கிடத்தியதும் டேபிளை வேலை உயரத்துக்குக் கொண்டுவந்து, டேப் வைத்து அளந்த பிறகுதான் கொலிமேட்டர் லைட்டைப் போடுவேன்.

டேபிள் எதற்கு இறங்க வேண்டும் என்பதற்கு விடை இந்தக் கதையிலேயே இருக்கிறது. வீல்சேரில் வருபவர் நேராக மாறி உட்கார இருக்கை மட்டத்துக்குப் பலகை வர வேண்டும், அதாவது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் அளவுக்கு. உயரம் மாறாத டேபிளுக்கு ஸ்டூல் போட்டு ஏற்றுவோம். புடவையோடு ஏறும் பாட்டிகளுக்கும் வேட்டி தடுக்கும் தாத்தாக்களுக்கும் அந்த ஸ்டூல்தான் பெரிய ஆபத்து. நமது முதுகும் கணக்கில் சேரும், நாள் முழுக்கக் குனிந்து தூக்குகிறவர்கள் நாம்தான். இன்னொன்று: அந்த ஸ்டூலை டேபிளுக்கு அடியில் தள்ளிவிட்டு, மறந்து டேபிளை இறக்கினால் மோட்டார் மாட்டிக்கொள்ளும். இறக்கும் முன் அடியில் ஒரு பார்வை.

லாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையைப் பிடித்து நிறுத்துவது மின்காந்த லாக். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கரண்ட் இருந்தால் பிடிக்கும். மற்றது கரண்ட் வந்தால்தான் விடும். நான் பழகிய பழைய டேபிள் முதல் வகை. ஒரு மத்தியானம் கரண்ட் போனதும் பலகை லேசாகி நழுவ, படுத்திருந்த தாத்தா, "தம்பி, கட்டில் ஓடுதுப்பா" என்றார். ஜெனரேட்டர் வரும்வரை இடுப்பால் முட்டுக்கொடுத்து நின்றேன். உங்கள் டேபிள் எந்த வகை என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், பலகையைத் தள்ளும் முன் விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்களை எடுக்கச் சொல்ல வேண்டும். பயத்தில் எல்லோரும் விளிம்பைத்தான் பிடிப்பார்கள்.

பலகை எதனால் ஆனது என்றால் கார்பன் ஃபைபர் என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். ஏன் என்று சொல்லுங்கள். எடையைத் தாங்க வேண்டும், கதிரை மறிக்கக் கூடாது. எவ்வளவு மறிக்கிறது என்பதை இத்தனை மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சமம் என்று அளப்பார்கள். டியூப் மேலே இருக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் கதிர் முதலில் பேஷண்டைக் கடந்து, பிறகுதான் பலகைக்கு வருகிறது. அங்கே உறிஞ்சப்படும் ஒவ்வொரு துளியும் பேஷண்ட் உடம்பில் ஏற்கெனவே வாங்கிய கதிர், படத்துக்கு உதவாமல் வீணாகிறது. உடம்புக்குள் நடப்பதை ஓடும் படமாகப் பார்க்கும் ஃப்ளூரோஸ்கோப்பியில் டியூப் கீழே இருந்தால், கதிர் பலகையைக் கடந்துதான் ஆளுக்கே வரும். இந்த வித்தியாசத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது, என் அனுபவம்.

உருப்பெருக்கக் கணக்கு நிச்சயம் வரும். பலகைக்கும் கேசட்டுக்கும் 8 சென்டிமீட்டர், உறுப்பு பலகைக்கு மேல் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக, கேசட்டிலிருந்து 18. தூரம் 100 என்றால் ஃபோகஸிலிருந்து உறுப்புக்கு 82. 100-ஐ 82-ஆல் வகுத்தால் 1.22 மடங்கு. கை, பாதம் போன்றவற்றைப் பக்கியில் போடாமல் பலகை மேலேயே கேசட்டை வைத்து எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மெல்லிய உறுப்பு என்பதால் கிரிட்டும் தேவையில்லை.

ஆளை எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவைப்பது என்பதிலும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. டியூபின் இரண்டு முனைகள் ஆனோடும் கேதோடும். வழக்கமாக ஆனோடு தலைமாட்டில் இருக்கும், கதிர் கேதோடு பக்கம் பலமாக இருக்கும். தொடை எலும்புக்கு இடுப்புப் பக்கம்தான் தடிமன். ஆகவே ஆளைத் திருப்பி, இடுப்பு கேதோடு பக்கம் வரும்படி படுக்கவைக்க வேண்டும். நடந்து வருபவரிடம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள், படுத்த பிறகு திருப்பினால் திட்டு வாங்குவீர்கள்.

இரண்டாம் வருடத்தில் சாயும் டேபிள் வரும். 90/30 என்று எழுதியிருந்தால் நேராக நிற்கும்வரை 90 டிகிரி, தலை கீழாக 30 டிகிரி என்று படிக்க வேண்டும். தலை தாழும் நிலைக்கு ஃப்ரீட்ரிக் ட்ரென்டலன்பெர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவரின் பெயர். படத்தில் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் பரிசோதனையில் நிற்கவைத்தால் பேரியம் இரைப்பையின் கீழ்ப்பகுதிக்கு இறங்கும், தலையைத் தாழ்த்தினால் மேல்பகுதியை நிரப்பும். உணவுக்குழாய்க்குத் திரும்பி ஏறுகிறதா என்றும் பார்க்கலாம். முதுகுத்தண்டைப் படமெடுக்கும் மயலோகிராமில், தண்டு நீரில் மருந்தை ஓடவைப்பதும் இந்தச் சாய்வுதான். அப்போது மருந்து மண்டைக்குள் போகாமல் இருக்கக் கழுத்தைப் பின்னுக்கு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

ஃப்ளூரோஸ்கோப்பி தொடங்கும் முன் பக்கியைக் கால்மாட்டுக்கு ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் கீழிருந்து வரும் கதிரை அது மறிக்கும். ஒதுக்கியதும் டேபிள் பக்கவாட்டில் ஒரு நீளமான இடைவெளி திறக்கும். நின்று பார்க்கும் டாக்டரின் இடுப்பு உயரத்தில் அது இருப்பதால் 0.25 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான மூடி வைத்திருப்பார்கள். இது மறக்காமல் கேட்கப்படும். இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனை செய்யும் கேத் லேப் டேபிளிலும் ஒன்று: அது ஒரு பக்கம் மட்டுமே தாங்கும் பலகை. நீட்டிய நிலையில் நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்தால் வளைந்து ஆடும், முதலில் பலகையைத் தூணுக்கு மேல் இழுத்துக்கொள்ள வேண்டும்.

படிக்கும் முறையைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் சாரிடம் அனுமதி வாங்கி, எக்ஸ்போஷர் இல்லாமல் டேபிளோடு அரை மணி நேரம் இருங்கள். பக்கி டிரேயில் காலிக் கேசட்டை வைத்து, பலகையைத் தள்ளி, டிரே நகர்கிறதா என்று குனிந்து பாருங்கள். பலகையில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து லைட்டின் குறுக்குக்கோட்டுக்கு அதைக் கொண்டுவாருங்கள், கை டியூபுக்குப் போகாமல். டேபிளை ஏற்றி இறக்கி ஒவ்வொரு தடவையும் டேப்பால் அளந்து, கட்டத்தின் அகலத்தையும் குறியுங்கள். அப்புறம் பக்கவாட்டுப் படத்தை வரையுங்கள். தியரியில் 5 மார்க்குக்கு அந்த ஒரு படமும் பத்து வரியும் போதும்.

இரண்டாம் வருட வைவாவில் சாயும் டேபிள் முன்னால் நிறுத்தினார்கள், வேறு எக்ஸாமினர். "பேஷண்டை நிமிர்த்தப் போறே. முதல்ல என்ன பண்ணுவே?"

"பேஷண்ட் நிக்கிற ஃபுட் ரெஸ்ட் கொக்கி மாட்டியிருக்கான்னு இழுத்துப் பார்ப்பேன் சார்."

"இழு."

இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. எங்கள் லேப் டெக்னீஷியன் அண்ணன் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, இப்ப மாட்டிட்டு நிமிர்த்து" என்றார் எக்ஸாமினர்.